பிரசவ லீவு முடியுதா? முதல்ல பால் கணக்கைப் பாருங்க

நான் லீவோட கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் குழந்தையைக் கொஞ்சிட்டு இருந்துட்டு திங்கட்கிழமை காலைல வேலைக்குக் கிளம்பிட்டேன். அங்க வீட்ல குழந்தை பாட்டிலை வாயிலயே வைக்கல, இங்க எனக்கு பதினோரு மணிக்கெல்லாம் பால் கட்டி மார் கல்லு மாதிரி ஆயிடுச்சு, மீட்டிங்ல உட்கார்ந்திருக்கேன் டிரஸ் நனையுது. நீங்களாவது ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க.

முதல்ல பாட்டில். தினம் ஒரு வேளை பம்ப் வச்சு எடுத்த தாய்ப்பாலை குடுத்துப் பழக்குங்க, ஆனா நீங்க குடுக்காதீங்க. அம்மா வாசனை வந்துச்சுன்னா பாட்டிலை யார் சீண்டுவா? பகல்ல யார் பார்த்துக்கப் போறாங்களோ அவங்க குடுக்கட்டும், நீங்க பக்கத்து ரூமுக்குப் போயிடுங்க. பசில வீல்னு கத்தும்போது ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது, லேசா பசிக்க ஆரம்பிக்கிறப்பவே குடுத்துப் பாருங்க. பாட்டில் பிடிக்கலைன்னா கப், ஸ்பூன்னு மாத்திப் பார்க்கலாம்.

அப்புறம் ஃப்ரீசர் நிறைய பால் சேர்த்து வைக்கணும்னு பயமுறுத்துவாங்க, தேவையே இல்ல. முதல் நாளுக்கு வேணுங்கிறதும் கையில கொஞ்சம் எக்ஸ்ட்ராவும் இருந்தா போதும், இன்னைக்கு வேலைல எடுக்கிறது நாளைக்கு குழந்தைக்கு, அவ்ளோதான். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துடுங்க, தள்ளிப் போட்டா பாலும் குறையும் கட்டியும் வரும். மார்ல சிவந்து வலிச்சு காய்ச்சலும் வந்துச்சுன்னா கை வைத்தியம் பார்த்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட போயிடுங்க.

புதுசா எடுத்த பால் வெளிய 25 டிகிரிக்குள்ள இருந்தா 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜ்ல 4 நாள், ஃப்ரீசர்ல 6 மாசம் வரைக்கும் நல்லா இருக்கும், ஐஸ் பேக் வச்ச கூலர் பேக்ல 24 மணி நேரம். ஃப்ரீசர் பால் முழுசா உருகிடுச்சுன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு நாளைக்குள்ள குடுத்துடணும், திரும்ப ஃப்ரீசர்ல போடக் கூடாது. குழந்தை குடிச்சு மிச்சம் வச்சது 2 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா கொட்டிடுங்க (வயிறு எரியும்தான், என்ன பண்ண). மைக்ரோவேவ்ல மட்டும் வைக்காதீங்க, ஒரு பக்கம் ஆறிப் போயும் ஒரு பக்கம் கொதிச்சும் இருக்கும், குழந்தை வாய் வெந்துடும். வெதுவெதுப்பான தண்ணில பாட்டிலை நிக்க வச்சா போதும்.

மேனேஜர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. எந்த ரூம், உள்ள தாழ்ப்பாள் இருக்கா, பிளக் பாயிண்ட் இருக்கா, ஃப்ரிட்ஜ் எங்கன்னு நேரா கேளுங்க, பாத்ரூம்ல போய் எடுத்துக்கோங்கன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அது குழந்தை சாப்பிடற சாப்பாடு. இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, சர்வதேச தொழிலாளர் அமைப்போட 2000ஆம் வருஷத்து 183ஆவது உடன்படிக்கையே பால் குடுக்கற நேரத்தை சம்பளத்தோட வேலை நேரமா எடுத்துக்கணும்னு சொல்லுது. உங்க நாடு அதை ஏத்துக்கிட்டிருக்கா, உங்க சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்து வச்சுக்கோங்க. காலண்டர்ல அந்த நேரத்தை பிளாக் பண்ணிடுங்க, இல்லன்னா கரெக்டா அப்பதான் எவனாவது மீட்டிங் போடுவான்.

முடிஞ்சா புதன் இல்ல வியாழன்ல சேருங்க, ரெண்டு மூணு நாள்ல லீவு வந்துடும், எங்க சொதப்புதுன்னு பார்த்து சரி பண்ணிக்கலாம்.

இன்னொண்ணு யாருமே எனக்கு சொல்லல. பகல்ல கொஞ்சமா குடிச்சிட்டு, நீங்க வந்ததும் ராத்திரி பூரா குடிக்க ஆரம்பிக்கும் சில குழந்தைங்க. பால் பத்தலையோன்னு நான் அழுதே இருக்கேன், அப்படி இல்ல, பகல் கணக்கை ராத்திரி தீர்த்துக்குது. எடை ஏறிட்டு டயப்பரும் வழக்கம்போல நனைஞ்சா கவலைப்படாதீங்க. ஆனா ராத்திரி டயப்பர் மாத்தற வேலையை வீட்டுக்காரர் தலைல கட்டிடுங்க, நீங்க காலைல எந்திரிக்கணும்ல.

அப்புறம் டிராயர்ல கருப்பு கலர் டாப் ஒண்ணு, ரெண்டு ஜோடி பிரெஸ்ட் பேட் (கசியற பாலை உறிஞ்சிக்க உள்ள வைக்கிற பேட்), எப்பவும் இருக்கட்டும்.