கிறிஸ்துமஸ் வந்தா சந்தோஷமும் வருது எரிச்சலும் வருதா? நான் சமாளிக்கிற விதம்

டிசம்பர் பொறந்தாலே ஒரு பக்கம் ஆசையா இருக்கும், இன்னொரு பக்கம் எப்படா முடியும்னு இருக்கும், எனக்கு வருஷா வருஷம் இதே கதைதான்.

முதல்ல எது குத்துதுன்னு பிரிச்சுப் பாருங்க. நம்பிக்கை, குடும்பம், செலவு, இறந்துபோனவங்க ஞாபகம்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வச்ச நாள் அது, அதனால மொத்தமா பிடிக்கலன்னு நெனச்சுக்கறோம். ஒரு பேப்பர்ல தனித்தனியா எழுதுங்க. நான் எழுதினப்பதான் தெரிஞ்சுது, எனக்கு பண்டிகை மேல கோவமே இல்ல, சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்து யாருக்கு எவ்ளோ சம்பளம்னு பேசற அந்த ரெண்டு மணி நேரத்து மேலதான்.

மனசு ஒட்டாம இருக்கறது பாவமோன்னு பயமா இருந்தா, கொஞ்சம் வரலாறு பாருங்க. பைபிள்ல இயேசு பொறந்த தேதியே கிடையாது. டிசம்பர் 25க்கு ரோம்ல கிடைக்கிற பழைய பதிவே 336ம் வருஷத்துதான். அர்மேனிய சபை ஜனவரி 6ல கொண்டாடுது, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை ஜனவரி 7ல. இதவிட வேடிக்கை, பக்தியில ஊறின பியூரிட்டன்களே (ரொம்ப கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்க) அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1659ல கிறிஸ்துமஸுக்கு தடை போட்டு, மீறினா 5 ஷில்லிங் அபராதம்னு வச்சாங்க, 1681லதான் எடுத்தாங்க. அவங்களே கொண்டாடல, நீங்க ஒரு விருந்துக்கு போகலன்னா என்ன ஆயிடப்போகுது.

அப்புறம் லிஸ்ட்ல ஒண்ண வச்சுக்கோங்க, ஒண்ண விடுங்க. அவ்ளோதான், எல்லாத்தையும் ஒரே வருஷத்துல மாத்தப் போனா சண்டைதான் மிஞ்சும். விடப்போறத டிசம்பர் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, 24ம் தேதி ராத்திரி சொன்னா அது முடிவா தெரியாது, கோவிச்சுக்கிட்ட மாதிரிதான் தெரியும்.

யாரையாவது பறிகொடுத்த வருஷம்னா இதெல்லாம் வேலைக்காகாது. சிரிச்ச முகத்தோட நிக்கணும்னு கட்டாயம் இல்ல. டிசம்பர் 21 வாக்குல, வருஷத்தோட நீண்ட ராத்திரிய ஒட்டி, துக்கத்துல இருக்கறவங்களுக்குன்னே அமைதியா ஆராதனை வைக்கிற சபைகள் இருக்கு, பக்கத்துல இருக்கான்னு விசாரிங்க. 25ம் தேதியே தாங்க முடியலன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம், பழைய கணக்குப்படி ஜனவரி 5 வரைக்கும் 12 நாள் கிறிஸ்துமஸ்தானே.

போறதுன்னு முடிவாச்சுன்னா எத்தன மணிக்கு கிளம்புவேன்னு உள்ள நுழையும்போதே சொல்லிடுங்க. திரும்பி வர இன்னொருத்தர் வண்டிய நம்பாதீங்க, அவர்தான் கடைசி ஆளா கிளம்புவாரு, எனக்கு ஆச்சு.