குழுவில் பல மொழிகள்: அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையக் குழு ஒன்றில் இன்னொரு மொழிக்காரர்கள் நாலு பேர் பேசத் தொடங்கினாலே அட்மின்களுக்குக் கை பரபரக்கும். உடனே அந்த மொழிக்கு ஒரு தனிப் பிரிவு. அது ஒன்றோடு நிற்காமல், வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துப் பத்து மொழிகளுக்குத் திறந்து வைத்துவிடுவார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத பிரிவுக்கு யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. விளம்பரக் குப்பைதான் சேரும்.

இந்த விஷயத்தில் விக்கிப்பீடியா வைத்திருக்கும் முறை நல்ல முறை. புதிய மொழியில் விக்கிப்பீடியா வேண்டுமென்றால் முதலில் ‘இன்குபேட்டர்’ என்ற சோதனைத் தளத்தில் எழுதிக் காட்ட வேண்டும். தொடர்ந்து எழுத ஆட்கள் இருப்பது தெரிந்த பிறகே தனித்தளம். சிறிய குழுவுக்கும் இது பொருந்தும்: தினமும் எட்டிப் பார்க்க இரண்டு மூன்று பேர் கிடைக்கும்வரை பொதுப் பிரிவிலேயே அவரவர் மொழியில் பேசட்டும்.

ஆனால் பதிவுகள் குவிவதை மட்டும் வைத்து எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைக்கக்கூடாது. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் அந்த மொழி சரியாகத் தெரியாத ஒருவர் பல ஆயிரம் கட்டுரைகளை எழுதியிருந்தது 2020-இல்தான் வெளியே பரவலாகத் தெரிந்தது. தவறைப் பார்த்துச் சொல்லும் அளவுக்கு மொழி தெரிந்தவர்கள் அங்கே போதிய அளவில் இல்லை.

மிகப் பெரிய சேதம் நடப்பது மட்டுறுத்தலில், அதாவது பதிவுகளைக் கண்காணித்து நீக்கும் வேலையில். மொழி தெரியாத அட்மின், புகார் வந்த பதிவை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்ப்பார். கிண்டல், இரட்டை அர்த்தம், ஒரு சாராரை மட்டும் குத்தும் வசைச்சொல், எதுவும் அதில் தங்காது. விஷமான பதிவு தப்பித்துவிடும், நண்பர்கள் விளையாட்டாகத் திட்டிக்கொண்டது நீக்கப்படும். மியான்மரில் ஃபேஸ்புக் வேகமாகப் பரவிய காலத்தில், 2015-இன் தொடக்கத்தில், பர்மிய மொழி தெரிந்து புகார்களைப் பார்த்தவர்கள் இரண்டே பேர் என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. பலர் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் எழுதாமல் ‘ஸாஜி’ என்ற எழுத்துருவில் எழுதியதால், பதிவுகளைப் படிக்க முயன்ற இயந்திரமும் தடுமாறியது. தன் தளத்தின் வழியே வன்முறை தூண்டப்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று அந்த நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

சரி, மொழி தெரிந்த நாலு பேரிடம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டால் போதுமா? அதுவும் ஆபத்துதான். குரோஷிய விக்கிப்பீடியாவில் ஒரு சிறு நிர்வாகக் கூட்டமே பல ஆண்டுகள் பிடியை வைத்துக்கொண்டு வரலாற்றைத் தங்கள் அரசியலுக்கு ஏற்பத் திரித்ததை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் வெளியிட்ட ஆய்வு விவரித்தது. ஒவ்வொரு மொழிப் பிரிவின் தடை, நீக்கம் பற்றியும் வெளியே உள்ள ஒருவரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. அரட்டைக்கு அது போதும், பக்கத்தில் மூலப்பதிவும் தெரிந்தால் சரி. விதிமுறைகளையும் தடை அறிவிப்புகளையும் மட்டும் மனிதர் எழுத வேண்டும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களைக் கண்டிப்பதில் பலருக்கு ஏனோ தனி ஆர்வம். அரபு பேசுகிறவர்களும் 3, 7 போன்ற எண்களை எழுத்தாக்கி இப்படித்தான் தட்டுகிறார்கள். பெரும்பாலும் விசைப்பலகைதான் காரணம். அட்மின் கவலைப்பட வேண்டியது வேறு: அப்படி எழுதியது தேடலிலும் சிக்காது, தடைச்சொல் பட்டியலிலும் சிக்காது. இரண்டிலும் அந்த வடிவங்களையும் சேர்க்க வேண்டும்.

மொழிப் பட்டியலில் கொடி வேண்டாம். ஸ்பானிய மொழி இருபது நாடுகளில் ஆட்சிமொழி, எந்தக் கொடியைப் போடுவீர்கள்?

கடைசியாக, இரு மொழி தெரிந்த அந்த ஒருவர். எல்லா அறிவிப்பையும் மொழிபெயர்ப்பது அவர் தலையில் விழும், ஓய்ந்துபோய் ஒருநாள் காணாமல் போவார். இந்த வேலையை முறைவைத்துப் பகிர வேண்டும், நீண்ட அறிவிப்புகளைச் சுருக்கித் தர வேண்டும். முதன்மை மொழியில் வாக்கெடுப்பு முடிகிற நாளன்று மற்ற மொழிக்காரர்களுக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்து சண்டை வருவதும் மொழிபெயர்ப்பு தாமதமாவதால்தான். கடைசி மொழிபெயர்ப்பு வெளியான நாளிலிருந்து கெடுவை எண்ணத் தொடங்கினால் அந்தச் சண்டை வராது.