புது கம்ப்யூட்டர் வாங்கும் முன்னால் இதையெல்லாம் பாத்துக்கிடுங்க

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கடைக்குப் போனால், மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் "பழசாயிட்டு அண்ணாச்சி, புதுசு எடுத்துருங்க" என்று சொல்கிற ஆட்கள் உண்டு. நம்பிவிடாதீர்கள். ஆறேழு வருஷ மெஷினில் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம்தான் திணறிக்கொண்டிருக்கும், அது எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு. இருக்கிற மென்பொருளின் ஓட்டையை அடைப்பது பாதுகாப்பு அப்டேட், அதை நிறுத்தவே கூடாது. 2017 மே மாதம் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற வைரஸைத் தடுக்க, மார்ச்சிலேயே மைக்ரோசாப்ட் அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். புது வெர்ஷனுக்குத் தாவுகிற அப்கிரேடு அப்படியில்லை. டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைகளில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 என்ற மென்பொருள் இன்னமும் ஓடுகிறது, 2001-ல் வந்த சரக்கு. முகூர்த்த நேரமும் தாய்மாமன் பேரும் சரியான இடத்தில் விழுந்தால் போதாதா? என்ன, அந்த மாதிரிப் பழைய மெஷினில் நெட்டை மாட்டி பேங்க் கணக்கைத் திறக்கக் கூடாது.

அடுத்து, எது இழுக்கிறது என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமாக நீங்கள் பார்க்கிற வேலையை (கணக்கு எழுதுகிற டேலியோ, குரோமில் பத்து டேபோ) திறந்து வைத்துக்கொண்டு சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்தியையும் கவனியுங்கள். ஆன் செய்த உடனே டிஸ்க் 100 சதவீதம் காட்டுவது சகஜம். பத்து நிமிஷம் கழித்தும் அங்கேயே நின்று, உள்ளே கரகரவென்று சத்தமும் வந்தால், பிடிபட்டுவிட்டது: பழைய ஹார்ட் டிஸ்க்.

அதற்கு மருந்து எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படித்தாலே பெரிய விஷயம். பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளிலேயே மாட்டுகிற சாதாரண எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஃபைல்களைத் தேட அதில் முள் நகர வேண்டியதில்லை, விண்டோஸ் கிளம்புகிற நேரம் குறைவது அதனால்தான். பழைய டிஸ்க் தேறுமா என்பதை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சொல்லிவிடும். மாற்றும் முன் போட்டோ, கணக்கு ஃபைல் எல்லாவற்றையும் வேறொன்றில் காப்பி எடுத்துவிடுங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால், திறந்திருக்கிற வேலைகளைத் தாங்குகிற ரேம் போதவில்லை, கூட்ட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று போட்டிருக்கும். டிடிஆர்3 வகை ரேமுக்கான ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்4 உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. அதனால் பழைய ரேமைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். சிபியு மட்டும் சூடேறித் திணறுகிறதா? நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஃபேனில் தூசி அடைத்திருந்தால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியை ஊதி, பிராசசரின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள்.

கடைசியாக விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11 ஏறுமா என்பதை மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் காட்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம், 4 ஜிபி ரேமில் ஓடும், கடிதம், கணக்கு அட்டவணை போடுகிற லிப்ரே ஆபீஸும் சேர்ந்தே வரும். டேலி மாதிரி விண்டோஸை நம்பிய வேலை இருந்தால் மட்டும் இந்த வழி சரிப்படாது.

மதர்போர்டு போனாலோ, பையன் வீடியோ எடிட்டிங் என்று கிளம்பினாலோ, சரி, புதுசு வாங்குங்கள். அப்போதும் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறியாதீர்கள். சோதனையில் தேறியிருந்தால், ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு கல்யாண போட்டோக்களின் இரண்டாவது காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம்.