ஸ்பா வேணாம், சனிக்கிழமை காலைல ஒன்றரை மணி நேரம் போதும்: வீட்லயே எண்ணெய் தேய்ச்சு குளிக்கிற முறை

மசாஜ்னாலே நம்ம ஆளுங்க மனசுல ரெண்டு விஷயம்தான் வருது, ஒண்ணு ஆயிரக்கணக்குல பில் போடுற ஸ்பா, இன்னொண்ணு சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலையில பட பட பட-ன்னு தட்டி கழுத்தை டக்குனு திருப்பி நெட்டி எடுக்கிறது. முதல்ல சொன்னது வசதிப்பட்டா போங்க. ரெண்டாவது சொன்னது தயவுசெஞ்சு வேணாம், அதுக்கு காரணம் கீழ சொல்றேன். வாரம் பூரா லேப்டாப் முன்னாடி உக்காந்து தோளு கல்லு மாதிரி ஆகி, ராத்திரி படுத்தாலும் மண்டைக்குள்ள ஆபீஸ் மீட்டிங் ஓடிட்டே இருக்கிறவங்களுக்கு ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் தொந்தரவு இல்லாத ஒன்றரை மணி நேரமும் இருந்தா போதும்.

பலபேரு எண்ணெய் குளியல்னா தலையில ஒரு கை வெச்சு உடம்புல சர் சர்னு பூசிட்டு பத்து நிமிஷத்துல ஷாம்பு போட்டு வந்துடுறாங்க. அது எண்ணெய் பூசிக்கிறது, தேய்க்கிறது இல்ல. மனசு லேசாகணும்னா வேகம்தான் முக்கியம், அதுவும் குறைவான வேகம். நம்ம தோல்ல, முடி முளைக்கிற இடங்கள்ல, மெதுவா தடவுறதுக்குன்னே பதில் சொல்ற மாதிரி ஒரு வகை நரம்பு இழைகள் இருக்கு, செகண்டுக்கு 1-ல இருந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல கை நகர்ந்தாத்தான் அதுங்க நல்லா வேலை செய்யும், ரொம்ப வேகமா தேய்ச்சா அதுங்க பெருசா கண்டுக்காது. கணக்கா சொல்லணும்னா மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கை போக அஞ்சாறு செகண்டாவது ஆகணும். ஒரு தடவை எண்ணிப் பாத்து தடவுங்க, நாம வழக்கமா எவ்ளோ அவசரமா தேய்க்கிறோம்னு அப்பதான் புரியும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். செக்கு நல்லெண்ணெய்தான் என் ஓட்டு. தேங்காயெண்ணெய் தப்பில்ல, வெயில் காலத்துல பலபேருக்கு அதுதான் ஒத்துக்கும், ஆனா நல்லெண்ணெய் சட்டுனு காஞ்சு போகாம கை வழுக்கிட்டு போக ரொம்ப நேரம் இடம் குடுக்கும். உடம்புக்கு ஒரு 50 மில்லி, தலைக்கு முடி நீளத்தைப் பொறுத்து தனியா. நேரா அடுப்புல வெச்சு காய்ச்சாதீங்க, ஒரு பாத்திரத்துல வெந்நீர் எடுத்து அதுக்குள்ள எண்ணெய் கிண்ணத்தை அஞ்சு நிமிஷம் வெச்சா போதும், மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு பாத்தா இளஞ்சூடா தெரியணும், அவ்ளோதான். தீபாவளிக்கு பாட்டிங்க மிளகு, ஓமம், வெத்தலை எல்லாம் போட்டு காய்ச்சுவாங்களே, வாசனை பிடிச்சவங்க அது மாதிரி பண்ணலாம், ஆனா நல்லா ஆற விட்டு வடிகட்டிட்டு. எள்ளு அலர்ஜி இருக்கிறவங்களுக்கு நல்லெண்ணெய் வேணவே வேணாம்.

ஆம்பளைங்களுக்கு புதன், சனி, பொம்பளைங்களுக்கு செவ்வாய், வெள்ளின்னு கிழமை சொல்லுவாங்க. நம்பிக்கை இருந்தா பாருங்க, இல்லன்னா லீவு நாளைப் பாருங்க. ஆனா காலைல பண்ணுங்க, சாப்பிட்ட உடனே வேணாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சீயக்காயைக் கரைச்சு, வெந்நீருக்கு ஏற்பாடு பண்ணி, பழைய துண்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கால் வைக்க பழைய சாக்கு இல்ல மேட்டு எல்லாம் எடுத்து வெச்சிடணும், எண்ணெய்க் கையோட அலமாரி தொறந்தா வீட்ல யார்கிட்ட திட்டு விழும்னு உங்களுக்கே தெரியும். போனை வேற ரூம்ல வெச்சிடுங்க. எண்ணெய்க் கைல போன் எடுக்க முடியாதுங்கிறதே இந்தக் குளியல்ல இருக்கிற பாதி நன்மைன்னு நான் சொல்லுவேன்.

உச்சந்தலைல ஆரம்பிங்க. கொஞ்சம் எண்ணெயை நடு உச்சில விட்டு உள்ளங்கையால அப்படியே மூடி வெச்சுக்கிட்டு நாலஞ்சு மூச்சு விடுங்க, மூக்கால 4 எண்ணிக்கை இழுத்து 6 எண்ணிக்கை மெதுவா விடணும், மூச்சை உள்ள இழுக்கிறதை விட வெளிய விடுற நேரம் நீளமா இருந்தா இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். அப்புறம் பத்து விரல் நுனியையும் தலையில ஊனி, விரலை முடி மேல ஓட்டாம, தோலை மட்டும் மண்டை ஓட்டு மேல அசைக்கிற மாதிரி சின்னச் சின்ன வட்டமா பண்ணுங்க. நகம் படக்கூடாது. நெத்திப் பொட்டுல ரெண்டு விரலால ரொம்ப லேசா. காது மடலை ரெண்டு விரலால பிடிச்சு மேல இருந்து கீழ வரை நீவி விடுங்க, இதை யாரும் பண்றதில்ல, பண்ணிப் பாத்தா விட மாட்டீங்க. காதுக்குள்ளயும் மூக்குக்குள்ளயும் எண்ணெய் ஊத்துறது வேணாம், முக்கியமா குழந்தைங்களுக்கு. மூக்குல விடுற எண்ணெய் நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரைக்கும் கொண்டு போய் விட்டுடும்.

காதுக்கு முன்னாடி, கடைவாய்ப் பல்லைக் கடிச்சா ஒரு தசை புடைச்சுக்கிட்டு வருமே, அந்த இடத்துல கொஞ்ச நேரம் செலவு பண்ணுங்க. டென்ஷன் ஆசாமிங்க தூக்கத்துல கூட பல்லை நறநறன்னு கடிப்பாங்க, அந்த பாரம் பூரா இந்த தசை மேலதான். வாயை லேசா தொறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு விரலால மேலிருந்து கீழ மெதுவா ஒரு நிமிஷம் இழுத்து விடுங்க.

இப்ப கழுத்தும் தோளும். நம்ம தலை கிட்டத்தட்ட 5 கிலோ, நிமிந்து இருக்கும்போது முதுகெலும்பு அதை சுலபமா தாங்கிடும், போனைப் பாக்க குனிஞ்சதும் பின்கழுத்து தசைங்கதான் அதை விழாம இழுத்துப் பிடிக்கணும், நாள் பூரா இப்படியே பிடிச்சா இறுகிப் போகாம என்ன பண்ணும். வலது கையால இடது தோள் மேட்டு தசையை, அதாவது கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல இருக்கிறதை, கொத்தா பிடிங்க, பிடிச்சு பிசைய வேணாம், அப்படியே வெச்சுக்கிட்டு தலையை வலது பக்கமா கொஞ்சம் சாய்ச்சு நாலஞ்சு மூச்சு நிதானமா விடுங்க. ஒரு அரை நிமிஷத்துல அந்த தசை கைக்குள்ளயே இளகுறது தெரியும். அப்புறம் அரை அங்குலம் தள்ளிப் பிடிங்க. அடுத்தது பின்மண்டையும் கழுத்தும் சேர்ற இடம், முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு பள்ளம் இருக்கும், அங்க ரெண்டு கட்டை விரலையும் வெச்சு தலையை லேசா பின்னாடி சாய்ச்சீங்கன்னா தலையோட எடையே அழுத்தம் குடுத்துடும், நீங்க தனியா அழுத்தத் தேவையில்ல. சாயங்காலம் ஆனா நெத்தியைச் சுத்தி பெல்ட் கட்டின மாதிரி தலைவலி வர்றவங்களுக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம்.

முன்கழுத்துல கை வைக்காதீங்க, அங்க மூளைக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய் ஓடுது. சலூன் நெட்டிக்கும் இதே கதைதான், கழுத்தை வெடுக்குனு திருப்பும்போது ரத்தக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வர்ற ஆபத்து இருக்கு. எல்லாருக்கும் வராது, எப்பவாவதுதான், ஆனா ஒரு சொடக்கு சத்தத்துக்காக எதுக்கு அந்த ரிஸ்க்கு. கழுத்து திருப்பின பிறகு தலைசுத்தல், பேச்சு குழறல், ஒரு பக்கம் மரத்துப் போறதுன்னு எது வந்தாலும் வெயிட் பண்ணாம 108 கூப்பிடுங்க.

கை, கால் எல்லாம் சுலபம்தான். நீளமான இடத்துல விரல் நுனில இருந்து உடம்பை நோக்கி மேல் நோக்கி நீளமா நீவுங்க, மூட்டு வர்ற இடத்துல வட்டமா. கீபோர்டு தட்டுறவங்க முழங்கைக்கு கீழ மேல்பக்க தசையையும், போன் ஸ்க்ரோல் பண்றவங்க கட்டை விரலுக்கு அடியில இருக்கிற சதையையும் கூடுதலா கவனிச்சுக்கங்க. வயித்துல தொப்புளைச் சுத்தி கடிகார முள் போற திசையில, உள்ளங்கையால, அழுத்தாம. பெருங்குடலும் வலது பக்கம் மேல ஏறி குறுக்கால போய் இடது பக்கம் இறங்குது, அதனாலதான் அந்தத் திசை. முதுகுக்கு கை எட்டாது, வீட்ல யாராவது இருந்தா கேளுங்க, இல்லன்னா எண்ணெய் தேய்க்காத இன்னொரு நாள்ல சுவத்துக்கும் முதுகுக்கும் நடுவுல ஒரு டென்னிஸ் பந்தை வெச்சு சாஞ்சு உருட்டிக்கலாம், எலும்பு மேல வேணாம், அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற சதைல. சின்னப் பசங்களை முதுகு மேல ஏறி மிதிக்கச் சொல்ற பழக்கம் நிறைய வீட்ல இருக்கு, வயசானவங்களுக்கு எலும்பு தேஞ்சு போயிருக்கும், அவங்களுக்கு அது கூடவே கூடாது.

அடுத்தவங்களுக்கு பண்ணி விடும்போது பேச்சு குறைவா இருக்கட்டும், ஆனா "அழுத்தம் போதுமா?"ன்னு இடையில கேட்டுக்கங்க. வலில ரெண்டு இருக்கு, "அப்பாடா, அங்கதான்"னு சொல்ல வைக்கிற வலி, "அய்யோ விடு"ன்னு மூச்சைப் பிடிக்க வைக்கிற வலி. ரெண்டாவது வந்தா பாதியா குறைங்க. நல்லா வலிச்சாதான் நல்ல மசாஜுன்னு ஒரு எண்ணம் நம்மூர்ல இருக்கு, வலி தாங்க முடியாம உடம்பு இன்னும் இறுகத்தான் செய்யும், இளகாது. அதே மாதிரி மசாஜ் பண்ணா உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளிய போயிடும்னு விளம்பரத்துல சொல்றதையும் நம்ப வேணாம், அந்த வேலைக்கு கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கு.

சித்த மருத்துவத்துல இதுக்கு தொக்கணம்னு பேரு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல்னு ஒன்பது வகை சொல்றாங்க. இதுல வீட்ல நாம பண்றது பிடித்தலும் அழுத்தலும்தான், முறுக்கல் இழுத்தல் எல்லாம் படிச்சவங்க வேலை. நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்து வலின்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, தெற்கத்திக்காரங்களுக்கு பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அங்க போய் டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வர்மமும் அப்படித்தான், யூடியூப் பாத்து வர்மப் புள்ளியில கை வைக்கிறது வேணாம்.

யாரு பண்ணக்கூடாதுன்னும் சொல்லிடறேன். காய்ச்சல், சளி இருந்தா வேணாம். டெங்கு வந்து தட்டணுக்கள் குறைஞ்சிருக்கும்போது, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடும்போது அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா அதைப் பிடிச்சு விடவே கூடாது, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், நீவினா அது கிளம்பி நுரையீரலுக்குப் போகும், நேரா ஆஸ்பத்திரிதான். புதுசா சுளுக்கி வீங்கியிருந்தாலும் எண்ணெய் போட்டு வழிக்காதீங்க, முதல்ல எலும்பு உடையலன்னு தெரியணும். கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுக்கங்க. சுகர் இருந்து பாதம் மரத்துப் போனவங்க வெந்நீரை காலால சோதிக்காம முழங்கையால சோதிங்க.

தேய்ச்சு முடிச்சதும் 20 இல்ல 30 நிமிஷம் ஊறணும், சைனஸ் தொல்லை இருந்தா தலைக்கு 10 நிமிஷமே போதும். இந்த நேரத்துல சும்மா உக்காருங்க, இளம் வெயில் வந்தா நல்லது. டிவி போடாதீங்க. முதல் அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாது, கை பரபரங்கும், அதுவும் ஒரு மாதிரி அடங்கிடும்.

குளிக்க சீயக்காய் இல்ல அரப்பு. சீயக்காயை வடிச்ச கஞ்சியில கரைச்சா தலை வறண்டு போகாது, கண்ணுல மட்டும் படாம பாத்துக்கங்க. தண்ணி உடம்புக்கு சுடாத சூட்டுல இருக்கணும். வெந்நீர் பட்டதும் தோல்ல இருக்கிற ரத்தக் குழாய் விரிஞ்சு பிரஷர் கொஞ்சம் இறங்கும், அதனாலதான் அந்த கிறக்கம், பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க ஸ்டூல்ல இருந்து டக்குனு எந்திரிக்காதீங்க. தலையை நல்லா துவட்டி காய வைங்க, சாம்பிராணி பிடிக்கும்னா போடுங்க, ஆஸ்துமா இருந்தா தவிர்த்துடுங்க. மதியம் மிளகு ரசம், பருப்புத் துவையல்னு லேசா சாப்பிடுங்க. எண்ணெய் தேய்ச்ச அன்னிக்கு பகல்ல தூங்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, கண்ணு சொக்கத்தான் செய்யும், அடக்கி வெச்சீங்கன்னா ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்.

வார நாள்ல இவ்ளோ நேரம் யாருக்கும் இருக்காது, படுக்கப் போறதுக்கு முன்னாடி உள்ளங்கால்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கட்டை விரலால குதிகால்ல இருந்து விரல் வரை ஒரு காலுக்கு ரெண்டு நிமிஷம், துடைச்சுட்டு படுங்க. இதெல்லாம் டென்ஷனைக் குறைக்கத்தான். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பே இல்ல, தூக்கம் சுத்தமா போச்சு, வாழவே வேணாம்னு தோணுதுன்னா எண்ணெய் அதுக்கு வைத்தியம் இல்ல, 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கம் நடத்துற இலவச மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம்.

குளிச்சு முடிச்சு அப்படியே வந்துடாதீங்க, பாத்ரூம் தரை எண்ணெய்ப் பிசுக்கா இருக்கும். மிச்சம் இருக்கிற சீயக்காயைத் தரையில கொட்டி பிரஷ் போட்டு தேய்ச்சு வெந்நீர் ஊத்திட்டு வாங்க, அடுத்து குளிக்கப் போறது வீட்ல இருக்கிற பெரியவங்களா கூட இருக்கலாம்.