மண்பாதைக்கு எந்த பைக்?

வார இறுதியில் மண்பாதையில் சும்மா ஓட்டத்தான் பைக் என்றால், பந்தய பைக் பக்கமே போகாதீர்கள். கவாசாகி கேஎக்ஸ்250 மாதிரி வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துத்தான் ஆயில், பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும். சாலையில் ஓட்டப் பதிவும் செய்ய முடியாது; ஏற்றிப்போக இன்னொரு வண்டி வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட், ரேடியேட்டர் (கூலன்ட் என்ற திரவத்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் பாகம்) இல்லாத எஞ்சின். இந்த மூன்றும் இருந்தால் பாதித் தலைவலி போச்சு. கல்லில் சாய்ந்தாலும் கூலன்ட் ஒழுகுமோ என்ற பயம் இல்லை. நம் நாட்டில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, கவாசாகி கேஎல்எக்ஸ்230 இரண்டும் இந்த வகை. எக்ஸ்பல்ஸில் சின்ன ஆயில் கூலர் மட்டும் உண்டு. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. கல்லும் குழியும் தாங்கும். என்னைக் கேட்டால் எக்ஸ்பல்ஸ்தான்: உடைந்த லீவரைச் சின்ன ஊரிலும் வாங்கிவிடலாம்.

பழைய வண்டி என்றால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்பக்கம் விரலால் தடவுங்கள். நைசான தூசி ஒட்டினால் எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்புறம், ஃபில்டர் ஸ்பாஞ்ச் என்றால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, புதிதுதான் போட வேண்டும்.