தென் பிரான்ஸ் கிராமங்களில் மோட்டார்ஹோம் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடத்தில் பார்த்தால் லூபெரோன் மலைப்பகுதி உள்ளங்கை அளவுதான். கோர்த், ரூசியோன், பொன்னியூ, மெனெர்ப், லூர்மரான் என்று பெயர்பெற்ற ஊர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஐந்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். முதல் தவறு இதுதான். இவற்றில் பெரும்பாலானவை குன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர்கள். ஏழு மீட்டர் நீளமும், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2.3 மீட்டர் அகலமும், மூன்று மீட்டரைத் தொடும் உயரமுமாக ஒரு மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே கொண்ட வண்டி, வரும் என்று யாரும் அந்தத் தெருக்களைப் போடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்த இடம் தேடியே நேரம் கரைந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு கிராமம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

அடுத்தது, காருக்கு வழிகாட்டும் கைபேசி வரைபடத்தை அப்படியே நம்புவது. என்னுடைய இரண்டாவது பயணத்தில் இதனால் ஒரு தெருவில் மாட்டிக்கொண்டேன். நுழையும்போது அகலமாகத்தான் இருந்தது. போகப் போக இரண்டு பக்கச் சுவரும் நெருங்கி வந்தன. தலைக்கு மேலே ஒரு கல் பால்கனி. ஒரு வீட்டிலிருந்து வயதான அம்மா ஒருவர் வெளியே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தன் ஜன்னலின் மரக்கதவுகளைச் சுவரோடு மடித்து வைத்தார், வாசலில் இருந்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனார். என் மனைவி பின்னால் நின்று கை காட்ட, அந்தத் தெரு முழுவதையும் பின்னோக்கியே ஓட்டி வெளியே வந்தேன். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த அம்மாவின் பொறுமைதான்.

அதிலிருந்து எங்கள் வழக்கம் இது. வண்டியின் உயரம், அகலம், எடை மூன்றையும் உள்ளிடக்கூடிய வழிகாட்டிச் செயலியைத்தான் பயன்படுத்துகிறோம். ஊருக்கு வெளியே, அடிவாரத்தில் இருக்கும் நிறுத்துமிடத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுகிறோம். அந்த இடங்களிலும் நுழைவாயிலின் குறுக்கே இரண்டு மீட்டருக்கும் தாழ்வாக ஒரு கம்பி இருக்கலாம், நிமிர்ந்து பாருங்கள். வளைவில் திரும்பும்போது வண்டியின் வால்பகுதி எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒருவர் இறங்கிப் பார்ப்பதுதான் நல்லது.

கிராமத்துச் சந்திப்புகளில் பலகை எதுவும் இல்லை என்றால், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. மஞ்சள் வைரக் குறி இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதன் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் அந்த உரிமை முடிந்தது.

இரவு தங்குவதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பிரான்சில் வண்டியை நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு. தடை இல்லாத இடத்தில் நிறுத்தி உள்ளேயே தூங்கினால் அது நிறுத்துவது. பக்கப் பந்தலை இழுத்துவிட்டு, மேசை நாற்காலியை வெளியே போட்டுவிட்டால் அது முகாம் ஆகிவிடும். ஊர் மேயர் வைத்திருக்கும் பலகையில் இரவு நிறுத்தத் தடை என்றால் தடைதான், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். பல ஊராட்சிகள் காம்பிங் கார்களுக்கென்றே (மோட்டார்ஹோமுக்கு அங்கே அதுதான் பெயர்) 'ஏர்' என்னும் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அங்கேயே தண்ணீர் பிடிக்கலாம், கழிவையும் கொட்டலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது 'ஃபிரான்ஸ் பாசியோன்'. உறுப்பினராகச் சேர்ந்தால் திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். வண்டிக்குள் கழிவறை இருக்க வேண்டும். எதுவும் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் போனதும் நேராக வீட்டுக்காரரைத் தேடிப் போய் 'போன்ஜூர்' சொல்லாமல் மரத்தடியில் நிறுத்திக்கொள்வது மரியாதை இல்லை. கடையிலும் அப்படித்தான், கேட்க வந்ததைக் கேட்பதற்கு முன் வணக்கம்.

கழிவறைக் கேசட்டில், அதாவது கழிவு சேரும் பெட்டியில், இருப்பதையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் மழைநீர்க் கால்வாயிலோ வயல் ஓரத்திலோ கொட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஊர் தன் நிறுத்துமிடத்தை மூடிவிட இந்த ஒரு செயல் போதும். குழாயில் 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

சந்தை நாளைப் பார்க்காமல் ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்துவது இன்னொன்று. ஆப்ட் ஊரில் சனிக்கிழமை, லூர்மரானில் வெள்ளி, லில்-சூர்-லா-சோர்க்கில் ஞாயிறு, சார்லாவில் புதனும் சனியும். முந்தைய மாலை சதுக்கம் காலியாக, அழகாக இருக்கும். விடிவதற்குள் கடைக்காரர்கள் வந்துவிடுவார்கள், அங்கே நிற்கும் வண்டி இழுத்துச் செல்லப்பட்டுவிடும். பலகையில் 'மார்ஷே' (சந்தை) என்ற சொல்லும் ஒரு கிழமையும் இருந்தால் அங்கே வேண்டாம். அப்புறம், மதியம் 12 முதல் 2 மணிவரை, சில ஊர்களில் அதற்கு மேலும், சின்னக் கடைகள் மூடியிருக்கும். திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதில்லை. காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் எடையைப் பாருங்கள். சாதாரண பி வகை உரிமத்துக்கு 3.5 டன் வரைதான் அனுமதி. நான்கு பேர் தூங்கும் வண்டி காலியாகவே மூன்று டன்னை நெருங்கும். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 100 கிலோ. ஆட்கள், மிதிவண்டி, அரிசி மூட்டை எல்லாம் ஏறினால் எல்லை தாண்டிவிடும். இந்தியாவிலிருந்து வந்து வாடகைக்கு எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவர வேண்டும். கூரையில் ஏசி பொருத்திய வண்டி மூன்று மீட்டரை எட்டினால் சுங்கச்சாவடியில் இரண்டாம் வகுப்புக்குப் பதில் மூன்றாம் வகுப்புக் கட்டணம். வடக்கிலிருந்து இறங்குபவர்களுக்கு ஏ75 நெடுஞ்சாலை நல்ல வழி, மிய்யோ பாலம் தவிர மற்றதெல்லாம் இலவசம். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் மட்டும் தெற்கே கிளம்பாதீர்கள். 'பிசோன் ஃபூத்தே' போக்குவரத்து நாள்காட்டியில் கறுப்பு நிறம் போட்ட நாள் என்றால் ஏ7 சாலை ஊர்ந்துதான் நகரும்.

லாவெண்டர் பார்க்க ஆகஸ்டில் வலன்சோலுக்குப் போய் ஏமாந்தவர்கள் பலர். அங்கே ஜூலை பாதிக்குப் பிறகு அறுவடை தொடங்கிவிடும். தாமதமாகப் போகிறவர்கள் இன்னும் உயரத்தில் இருக்கும் சோ ஊரைப் பார்க்கலாம், அங்கே லாவெண்டர் திருவிழாவே ஆகஸ்ட் 15 அன்றுதான்.

வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்து வெரார்கில் 46 டிகிரி பதிவானது. தகர வண்டிக்குள் குழந்தையையோ நாயையோ விட்டுப் போகவே கூடாது. காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நெருப்பு மூட்டத் தடை உண்டு, காய்ந்த புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. கோடையில் எந்தக் காட்டுப்பகுதி மூடியிருக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகம் தினமும் வரைபடமாக வெளியிடும். முந்தைய மாலையே பார்த்துவிடுங்கள். மிஸ்த்ரால் என்னும் பலத்த வடக்குக் காற்று எழுந்தால் பந்தலை உடனே சுருட்ட வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தாலும் கம்பி வளைந்துவிடும்.

கோடை முடியும் நேரத்தில் ஆற்றங்கரையில் நிழல் பார்த்து நிறுத்துவதும் தவறு. 1992 செப்டம்பர் 22 அன்று வேசோன்-லா-ரொமேனில் ஊவேஸ் ஆறு சில மணி நேரத்தில் பெருகி வீடுகளையும், கரையில் இருந்த முகாமையும் அடித்துக்கொண்டு போனது. பலர் உயிரிழந்தார்கள். ரோமானியர் கட்டிய பாலம் மட்டும் அந்த வெள்ளத்தைத் தாங்கி இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்கப் போகும்போது வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள்.