நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கேற்ற பாடம் நடத்துவது எப்படி?

அரசுப் பள்ளியில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒன்றாகத் தனிப் பாடக்குறிப்பு எழுதச் சொன்னால் எந்த ஆசிரியரும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அது தேவையும் இல்லை. யார் எங்கே நிற்கிறார், ஏன் அங்கேயே நிற்கிறார் என்று தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் வாரம் பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுத்து, சொல், சின்னப் பத்தி, குட்டிக் கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள், எங்கே திணறுகிறாரோ அதுதான் அவர் நிலை. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பல காலமாகச் செய்வது இதுதான்: வயதையும் வகுப்பையும் பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைப்பது.

கணக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தோண்ட வேண்டும். 42−17 கொடுக்கிறீர்கள், இரண்டு பேர் 35 என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டு நகர்ந்துவிடாதீர்கள், 'எப்படிப் போட்ட, சொல்லு' என்று கேளுங்கள். ஒருத்தி மேலே கீழே பார்க்காமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருப்பாள். இன்னொருவன் ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று போட்டிருப்பான், ஆனால் கடன் கொடுத்த 4 இப்போது 3 என்பதை மறந்திருப்பான். கேட்க நேரமில்லையா? 42−18 கொடுங்கள், அவளுக்கு 36 வரும், அவனுக்கு 34. அவளுக்குக் குச்சிக் கட்டைப் பிரித்து ஒரு பத்தை உடைத்துக் காட்ட வேண்டும், அவனுக்கு 4-ஐ அடித்து மேலே 3 எழுதும் பழக்கம் வந்தாலே சரியாகிவிடும். ஒரே தப்பு என்று நினைத்து இருவருக்கும் ஒரே பாடத்தை மறுபடி நடத்தினால் அவன் கொட்டாவி விடுவான்.

அப்புறம் குழு. மூன்றுக்கு மேல் வேண்டாம், சமாளிக்க முடியாது. தினம் ஒரு பாடவேளை ஒதுக்கி, ஒரு குழுவோடு தரையில் உட்காருங்கள். மற்ற இரண்டு குழுவுக்கும் உங்களைக் கூப்பிடாமலே செய்து முடிக்கக்கூடிய வேலை கையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இந்த முயற்சி படுத்துவிடுவது இங்கேதான், அதனால் அந்த வேலையை முந்தின நாளே எடுத்து வைத்துவிடுங்கள். குழுக்களுக்கு நிறத்தின் பெயரோ பறவையின் பெயரோ வையுங்கள், எது 'மக்கு' குழு என்று பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாலும். அந்த முத்திரை ஒட்டாமல் இருக்க ஒரே வழி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து ஆட்களை இடம் மாற்றுவது.

டேப்லெட் கிடைத்தால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான செயலிகள் 35 தப்பு என்று சொல்லும், ஏன் 35 வந்தது என்று கேட்காது.

பதிவுக்கு ஒரு நோட்டு போதும், ஆளுக்கு ஒரு பக்கம், தேதி போட்டு ஒரு வரி: 'கடன் வாங்குகிறான், குறைக்க மறக்கிறான்.' 'கணக்கில் கவனம் தேவை' என்றெல்லாம் எழுதாதீர்கள், அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டை அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள், அவருக்கு முதல் வாரம் மிச்சம்.